வலிக்கிறதா என்று கேட்பவர்

எங்கள் தையல் கடையில் இரண்டு மிதி மெஷின்கள். ஒன்று அக்காவுடையது. மற்றதில் யாரும் உட்காருவதில்லை. அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, என் வீட்டுக்காரரின் அண்ணி. அந்தச் சும்மா கிடக்கும் மெஷின் அவள் கணவருடையது.

முறிந்த ஊசி ஒன்று காலில் ஏறியது தெரியாமல் அந்த மனிதர் ஒரு நாள் முழுக்க மிதித்துத் தைத்தார். மிதிகட்டை ரத்தத்தில் ஈரமாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. முதலில் பாதம் போனது, பிறகு முழங்கால் வரை, பிறகு அவரே போனார். அவருடைய செருப்பு ஜோடி இன்னும் வாசலில் இருக்கிறது. ஒன்று தேய்ந்து கிடக்கிறது, மற்றது புதிதாகவே இருக்கிறது. அதை எடுத்துப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அக்காவுக்கும் சுகர் என்று தெரிந்ததும் அவள் அழவில்லை, அளக்க ஆரம்பித்தாள். சட்டைக்கு அளவெடுப்பவள் சோற்றுக்கும் அளவெடுத்தாள். தட்டில் பாதி காய்கறி, சோறு ஒரு ஓரமாய். விடிந்ததும் வெறும் வயிற்றில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு நடக்கக் கிளம்பிவிடுவாள். மழை பெய்தால் மாடிப்படியில் ஏறி இறங்குவாள். தீனிப் பண்டாரமான எனக்கு அவளோடு சாப்பிட உட்காருவதே தண்டனை. ஆனால் சர்க்கரை பார்க்கும் கருவியில் எண் நன்றாகத்தான் வந்தது. டாக்டரே பாராட்டினார்.

பயம் மட்டும் குறையவில்லை. சாயங்காலம் கடைக் கதவைச் சாத்தியதும் கணவருடைய மெஷினுக்கு எதிரே எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். ஏதோ முணுமுணுப்பாள். பிரார்த்தனை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவளுடைய காலுறையில் ரத்தக்கறை பார்த்தேன். பாதத்தைத் திருப்பினால் சுண்டுவிரலுக்குக் கீழே சீழ் கட்டியிருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள். என்ன இது என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள். கால் மரத்துப் போகிறதா என்று தினமும் தையல் ஊசியால் குத்திப் பார்த்திருக்கிறாள். எது வரக்கூடாது என்று பயந்தாளோ அதைத் தன் கையாலேயே வரவழைத்திருக்கிறாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இவளுக்கு ஜாக்கிரதையே நஞ்சாகிவிட்டது.

மருத்துவமனையில் நர்ஸ் அம்மா புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று நைலான் நூலால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பாதி இடங்களில் அக்கா வாயே திறக்கவில்லை. இத்தனை நாள் ஊசி இறங்குவதைக் கண்ணால் பார்த்தே வலிப்பதாக நம்பியிருக்கிறாள். கால் பிழைக்குமா என்று நான்தான் கேட்டேன். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பதால் ஆறும், ஆனால் இனி ஊசி கூடாது என்றார். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது, கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியால் வேறொருவர் தொட்டுப் பார்த்தால் போதும் என்றார்.

அந்த வேறொருவர் நான். புண் மெல்ல மெல்ல ஆறியது. கடை சாத்தியதும் அக்கா என் மடியில் காலை வைப்பாள். கட்டைவிரலில் தொடங்கி வரிசையாகத் தொடுவேன், தொடும் விரலைச் சரியாகச் சொல்வாள்.

நேற்று அவள் கண்ணை மூடியிருந்தபோது, நான்கு விரல் தொட்டு முடித்ததும் எனக்குத் தும்மல் வந்தது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"சுண்டுவிரல்," என்றாள் அக்கா.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இவளைக் கேலி செய்தவள்தான் நான்.

"நான் இன்னும் தொடவே இல்லக்கா."

அவள் கண்ணைத் திறந்து அந்த மெஷினைப் பார்த்தாள்.

"அவரு தினமும் கேக்கறாரு, வலிக்குதான்னு. வலிக்குதுன்னு சொல்லிடுவேன். இல்லன்னா பாவம், பயந்துடுவாரு."

செத்தவர் பயப்படக் கூடாதென்று காலை இழக்கப் பார்த்தவளை என்னவென்று திட்டுவது?

"அவர்கிட்டயும் உண்மையச் சொல்லுங்கக்கா. அவரு கால் போனதே தெரியாமப் போனதாலதானே?"

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். நான் சுண்டுவிரலைத் தொட்டேன். விரலை எடுக்காமல் காத்திருந்தேன். அக்கா முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. மெஷின் இருந்த பக்கமாகத் திருப்பி மெதுவாகச் சொன்னாள்.

"தெரியலைங்க."