தொழிற்பேட்டைக்கு வந்த சேட்டிலைட்டு

எங்கள் பீங்கான் தொழிற்பேட்டையின் வாசலிலேயே ஒரு செல்போன் கோபுரம் நிற்கிறது. சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்கள் மத்தியானம் முழுக்கப் படம் பார்ப்பார்கள்; ஒரு முறைகூட நடுவில் நிற்காது. அப்படிப்பட்ட இடத்தில், சூளைகளின் சூட்டை அளந்து சொல்வதற்குச் செயற்கைக்கோளைப் பிடித்தது எங்கள் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு விருத்தாசலத்தில் இருந்த ஒரே என்ஜினியர் நான். சொந்த ஊரிலேயே வேலை, அதுவும் வானத்தோடு சம்பந்தப்பட்ட வேலை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

சிம் கார்டு போட்ட பெட்டியே போதும் என்று தொழிற்பேட்டைச் சங்கத் தலைவரிடம் முதலில் நான்தான் சொன்னேன். தலைவர் ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறை வைத்திருந்தார். தொழிற்பேட்டையிலேயே பெரிய சூளை அவருடையது என்பதை அவர் வாயாலேயே எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

"செல்லு யாருகிட்டதாம்மா இல்ல? டீக்கடையில எச்சி கிளாஸு கழுவுறவன்கிட்டகூட இருக்குது. சேட்டிலைட்டு யாருகிட்ட இருக்குது, நீயே சொல்லு" என்றார்.

சென்னையில் இருந்த எங்கள் மேலாளருக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போய், அதை விளம்பரத் தாளிலேயே அச்சடித்துவிட்டார்.

ஆக, முப்பத்துச் சொச்சம் சூளைகளின் தகரக் கூரைமேல் ஆளுக்கொரு வெள்ளைப் பெட்டி ஏறியது. மணிக்கு ஒரு தரம் அது சூட்டை அளந்து, சின்னதாக ஒரு தகவலை மேலே அனுப்பும். செயற்கைக்கோள் வழியாகச் சுற்றிவந்து, சங்கத்து ஹாலில் மாட்டியிருந்த பெரிய டிவியில் அது எண்ணாகத் தெரியும். வெளிமாநில வியாபாரிகளுக்கு இனிமேல் அந்த டிவியின் முன்னால்தான் டீ என்று தலைவர் அறிவித்தார்.

திறப்பு விழாவில் மாலை, பொன்னாடை, பேச்சு எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. மணி பதினொன்று ஆனதும் எல்லோரும் டிவியைப் பார்த்தோம். நாலைந்து சூளைகளுக்கு எண் வந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் வெறும் கோடு.

காரணம் சிக்கலானதல்ல. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே அலைவரிசை. எல்லாவற்றுக்குள்ளும் துல்லியமான கடிகாரம். மணி அடித்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் பேசின. வானத்தில் இரண்டு தகவல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டுமே குப்பை. 'கிடைத்தது' என்று மேலிருந்து பதில் வராவிட்டால் பத்து விநாடி பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும் என்பது மேலாளரின் ஏற்பாடு. பெட்டிகள் மகா ஒழுக்கம். எல்லாம் சேர்ந்து பத்து விநாடி பொறுத்தன, எல்லாம் சேர்ந்து மறுபடி மோதின.

"பாக்கெட்டுங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்குதுங்க" என்று, தகவலுக்கு எங்கள் தொழிலில் வழங்கும் பெயரைச் சொல்லி, ஹாலில் விளக்கினேன்.

பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருந்த அக்கா பதறி எழுந்தார். பக்கத்திலிருக்கும் வேப்பூர் வரைக்கும் பொம்மைகளை லாரியில் அனுப்பி, பாதி மூக்குகளை வழியிலேயே இழப்பவர் அவர். "எங்க மோதுது? எம் பாக்கெட்டு ஒடஞ்சா யாரும்மா பொறுப்பு?"

மேலாளருக்கு உடைசல் பற்றிய கவலை இல்லை; கோடு அசிங்கமாகத் தெரிகிறதே என்பதுதான் கவலை. புது எண் வராவிட்டால் கடைசியாக வந்த பழைய எண்ணையே காட்டச் சொன்னார். காட்டினேன்; ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்த நாளில் எல்லாப் பெட்டிக்கும் ஒரு எண்ணாவது வந்திருந்தது. டிவி நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் திருப்தி. அதில் பாதி எண்கள் போன வாரத்து எண்கள் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அப்புறம் அவர் வைத்தியத்தை ஆரம்பித்தார். "எல்லாப் பெட்டியையும் இன்னும் சத்தமா அனுப்பச் சொல்லுங்க மேடம்" என்றார். எல்லாம் சத்தமாக மோதின. ஒவ்வொரு தகவலையும் மூன்று முறை அனுப்பச் சொன்னார். மோதல் மூன்று மடங்கு வசதியாக நடந்தது. பொறுக்கும் நேரத்தை ஐந்து விநாடி ஆக்கச் சொன்னார். அதையும் செய்தேன். இதற்கெல்லாம் "செய்து முடித்தோம்" என்று அவர் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

ஆளுக்கொரு முறை வைத்து வரிசையாக அனுப்பலாமே என்று நான் கேட்டபோது சங்கம் கூடியது. முதல் இடம் தலைவருக்கு என்றார்கள். முன்னாள் தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அவரு பின்னால நிக்கிறதுக்கா நான் பெட்டி வாங்குனேன்?" என்றார். இரண்டாவது இடத்தை ஏற்க அந்த ஹாலில் ஒரு ஆள் இல்லை.

கடைசியில் யாரையும் கேட்காமல் நானே ஒரு வாரம் உட்கார்ந்து பெட்டிகளுக்குப் புது உத்தரவு எழுதினேன். மணி அடித்ததும் பாயக் கூடாது. ஒவ்வொரு பெட்டியும் தன் மனம்போல ஏதோ ஒரு நேரம் பொறுத்து அனுப்ப வேண்டும். மோதினால், அடுத்த தடவை இன்னும் நீளமான இடைவெளிக்குள் ஏதோ ஒரு நேரத்தைப் பொறுக்க வேண்டும். சூடு மாறாவிட்டால் அடிக்கடி வாயைத் திறக்கவே கூடாது.

"மனம்போலயா? கஸ்டமர்கிட்ட அப்படிச் சொல்லிடாதீங்க மேடம், கம்பெனியே அப்படித்தான்னு நினைப்பாங்க" என்றார் மேலாளர். அதற்கு 'அறிவார்ந்த வரிசை' என்று பெயர் வைத்தார். அதில் வரிசை எங்கேயும் இல்லை.

ஆனால் வேலை செய்தது. ஒவ்வொரு சூளைக்கும் புத்தம்புது எண் வந்தது. அன்றைக்கு நான் தனியாகக் கடைக்குப் போய்ப் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடினேன். மறுநாளே வடநாட்டு வியாபாரிகள் வந்தார்கள். தலைவர் அவர்களை டிவி முன்னால் உட்காரவைத்து, தன் பெரிய சூளை ராப்பகலாக எரிவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் பெயருக்கு நேரே முப்பத்துநாலு டிகிரி என்று நின்றது. வெளியே வெயிலே அதைவிட அதிகம்.

அவர் சூளை வைகாசியிலிருந்தே அணைந்து கிடந்திருக்கிறது. மோதலின் புண்ணியத்தில் அதுவரை பழைய எண் ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. குரலில் அப்படியொரு பாசம்.

"ஏம்மா, முன்னாடி நல்லாத்தான இருந்துச்சி?"

"முன்னாடி வந்தது பழைய எண்ணுங்க."

"அதான் சொல்றேன். எனக்கு மட்டும் பழையபடி மோதிக்கிற மாதிரி வெச்சிக் குடேன்."

"வேணும்னு மோத வைக்க முடியாதுங்க."

"அப்ப தானா மோதுச்சே! இவ்ளோ படிச்சிட்டு வந்து மோத வைக்கத் தெரியலங்கிறியே."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் எரிச்சல் வந்துவிட்டது. மோதலைக் குறைக்க எத்தனையோ பாடம் படித்தேன்; கேட்டால் கூட்டித் தருவதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. முடியாது என்று சொன்னதையே மறுநாள் நேரில் போயும் சொன்னேன். தலைவர் டீ சொல்லவில்லை.

அந்த வாரம் அவர் கூரையில் குரங்கு பெட்டியைப் பிடுங்கிப் போட்டது. முன்னாள் தலைவரின் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியது. ஒருவருக்கு இடி விழுந்ததாம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஒரு மாதத்தில் பொம்மை அக்காவுடையதும் இன்னும் ஏழெட்டுப் பெட்டிகளும்தான் மிச்சம். அக்காவிடம் ஏன் நீங்கள் பெட்டியை அணைக்கவில்லை என்று கேட்டேன். "எஞ் சூளை நெசமாவே எரியுது, அப்புறம் என்ன?" என்றார்.

பெட்டிகள் குறைந்ததும் மோதல் அடியோடு நின்றுபோனது. மேலாளர் அதைக் கோடாக வரைந்து சென்னையில் ஒரு கூட்டத்தில் காட்டினார். கோடு தரையைத் தொட்டது, கைதட்டினார்கள், கேடயம் கொடுத்தார்கள். வீடியோவில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

"பேசுறதுக்கே பெட்டி இல்லன்னா மோதல் எப்படி சார் வரும்?" என்றேன்.

"மேடத்துக்கு ஆடியோ கட்டாகுது" என்று கூட்டத்தாரிடம் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

இப்போது எங்கள் வட்டாரத்திலேயே நல்லூர், மங்களூர் பக்கம் வயல்களில் மண்ணின் ஈரம் அளக்கும் பெட்டிகள் வைக்கப்போகிறோம். எல்லாப் பெட்டிகளும் காலை ஆறு மணிக்குச் சரியாக அனுப்ப வேண்டும் என்று மேலாளர் எழுதியிருக்கிறார். விவசாயிகள் அந்த நேரத்துக்கெல்லாம் எழுந்துவிடுவார்களாம்.