ஆறு வீடும் ஒரு குடித்தனமும்

வாடகை வசூலிக்கும் வேலையில் மாதத்தில் ஒரு நாள்தான் வசூல், மற்ற நாளெல்லாம் வசவு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மழையைக் கண்டு நடுங்கும் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷத் தொடக்கம். காஜா பேராங்கில் ஒரே வரிசையாக ஆறு பலகை வீடுகள். முதலாளிக்குத் துக்காங் எமாஸ் தெருவில் ஜவுளிக்கடை. வீடுகளைப் பார்த்துக்கொள்வது நான். முன்பு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்ததால் எல்லாருக்கும் நான் 'கிராணி'தான். "கூரை ஒழுகுதுங்கிற புகார் தீபாவளிக்குள்ள நிக்கணும். இல்லாட்டி ஆறையும் வித்துடுவேன்" என்றார் முதலாளி. விற்றால் என் வேலை போகும். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

நாள் கூலி

கூரை பார்க்க ஒருவரை நாள் கூலிக்கு வைத்தேன். மூன்று ஓட்டை அடைக்க எட்டு நாள். அதிலும் பாதி நாள் காப்பிக்கடையில். ஏனய்யா இப்படி என்று கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. "இன்னிக்கே முடிச்சுட்டா நாளைக்கு நான் எங்கய்யா போறது?" என்றார்.

சம்பளமாக ஒரு வீடு

அடுத்து வந்தவர் முனியாண்டி. தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். மனைவி பாப்பாத்தி, இரண்டு பெண் பிள்ளைகளோடு டவுனில் தங்க இடம் தேடிக்கொண்டிருந்தார். ஒழுகி ஒழுகி ஆளில்லாமல் கிடந்த ஆறாம் வீட்டைச் சும்மா குடியிருக்கக் கொடுத்தேன். கைச்செலவுக்கு மாதம் கொஞ்சம் வெள்ளி. தகரமும் ஆணியும் என் பொறுப்பு, வேலை அவர் பொறுப்பு.

குடி வந்த அன்றே மழை. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் முனியாண்டி கூரைமேல் இருக்கிறார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பாப்பாத்தி. "நனைஞ்சது எம் பிள்ளைங்க, கிராணி ஐயா. நான் சொல்ற வரைக்கும் அவரு இறங்க மாட்டாரு."

டிரெசர் போட்ட சண்டை

ஆறாம் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மற்ற வீடுகளில் முனியாண்டி ஒப்புக்கு ஒட்டுப் போட்டதோடு சரி. நாலாம் வீட்டில் இருந்த, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசர் வீதியில் நின்று சத்தம் போட்டார். "வாடகை குடுக்கிற நான் குடை பிடிச்சுக்கிட்டு சாப்பிடுறேன். அந்த வீட்டை எனக்குக் குடுங்க கிராணி!"

என் மூளை

கொடுத்துவிட்டேன். டிரெசர் ஆறுக்குப் போனார், முனியாண்டி நாலுக்கு வந்தார். இரண்டே மழையில் நாலாம் வீடும் சரியாகிவிட்டது. விஷயம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. முனியாண்டி எங்கே படுக்கிறாரோ அந்தக் கூரை ஒழுகாது! ஐந்தாம் வீட்டுக்காரரை நாலுக்கு மாற்றினேன், முனியாண்டியை ஐந்துக்கு. ஊரெல்லாம் சுதந்திரக் கொடி கட்டிய வாரத்தில் அவர் மூன்றாம் வீட்டுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு, கடைசியாக ஒன்று. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை. ஆறாவது முறையாகச் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வந்த பாப்பாத்தி என் முன்னால் நின்றாள். "நாங்க நல்ல வீட்டுல இருந்ததே இல்லீங்க ஐயா. நாங்க இருந்த வீடெல்லாம் நல்லா ஆயிருச்சு."

தீபாவளி மழை

பாப்பாத்தி அப்படிச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், கொட்டுகிற மழையில் முதலாளி வந்தார். ஆறு வீட்டிலும் அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "பங்களாவா இருக்கிற புக்கிட் பாருல தேடினாலும் இப்படி வீடு கிடைக்காது முதலாளி" என்றார் டிரெசர், யாரும் கேட்காமலே. விற்கும் பேச்சு அதோடு போயிற்று. நான் குதிக்காத குறைதான்.

போகிற போக்கில் முதலாளி ஒன்றாம் வீட்டைக் காட்டினார். "இதையும் வாடகைக்கு விடு. அவங்க இருக்க வீட்டுக்குப் பின்னால ஒரு கொட்டகை போட்டுடலாம்." வாசலில் நின்ற பாப்பாத்தியின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ! "இந்த வீடு அவங்க சம்பளம் முதலாளி. கொடுத்த சம்பளத்தை எப்படித் திருப்பி வாங்குறது? அவங்க இங்கேயே இருக்கட்டும்" என்றேன். முதலாளி மழையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

பாப்பாத்தி உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள். "இத்தனை வீட்டுக்கு ஆணி அடிச்சீங்க. நம்ம சாமி படத்துக்கு ஒன்னு அடிங்க."

ஆளை வைத்து வேலை வாங்குவதில் கிராணியை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளி அதன்பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் மரியாதைக்காக மறுக்கவில்லை.