வரவு செலவு எழுதச் சொன்ன கிழமை

இன்டர்நெட்டில் எடுத்தது என்றால் அந்த நாட்களில் எங்களுக்கு வேதவாக்கு. சண்டைக் காலக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியில் வணிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தொகையை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பார்கள். கையில் நூறு ரூபாயைக் கொடுத்தால் பின்னேரத்துக்குள் கரைத்துவிடுவார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். காலி வீதியில் இருந்த நெட் கஃபே ஒன்றுக்குப் போய், மணித்தியாலத்துக்குக் காசு கட்டி, மாணவருக்குப் பணம் கையாளப் பழக்கும் வெளிநாட்டு இணையத்தளங்களைத் தேடத் தொடங்கினேன்.

ஒன்றில் அருமையான பயிற்சித்தாள் இருந்தது. குடும்பத்தின் ஒரு மாத வரவு செலவைப் பிள்ளையே எழுத வேண்டும். நாய்க்குச் சாப்பாடு என்றுகூட ஒரு வரி. நாயை வெட்டிவிட்டுச் சீட்டுக்காசைப் போட்டேன். அதோடு விட்டேனா? எங்கள் சனத்துக்குப் பொருந்த வேண்டும் என்று என் கெட்டித்தனத்தில் இரண்டு நிரல் கூட்டினேன். காசு வந்த வழி என்று ஒன்று. வீட்டில் இருப்பவர்களின் பெயர், வயது, தொழில் என்று மற்றது. ஆட்கணக்குத் தெரியாமல் செலவை எப்படிப் பிரிப்பதாம்?

"உண்மையை எழுத வேணும். பொய்க் கணக்கு எழுதிறவை என்ர வகுப்புக்கு வரத் தேவையில்லை" என்றேன். சனிக்கிழமை முப்பது பேரும் எழுதித் தந்தார்கள்.

தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகக் கொட்டாஞ்சேனை பஸ் ஏறினேன். பொரளைக்குக் கிட்டச் சோதனைக்கு மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த பொலிஸ்காரன் தாள்கட்டை எடுத்து, "மொகத்த மே?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். எனக்கு வந்ததே ஒரு கோபம். பிள்ளைகளின் எழுத்தையும் விடமாட்டீர்களா? "லமயின்கே வெட. பலன்ன!" என்றேன். பிள்ளைகளின் வேலை, பார் என்று நானே தாள்களைப் பிரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவன் இரண்டு தாளைப் புரட்டினான். தமிழ் தெரியாதவன். திருப்பித் தந்துவிட்டான். வென்றவளாக பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து, சிவப்புப் பேனையோடு மேசையில் இருந்தேன். முதல் தாளிலேயே, "மாமா கனடாவிலிருந்து உண்டியலில் அனுப்புவது" என்று இருந்தது. வங்கிக்குத் தெரியாமல் கைமாறும் அந்தக் காசைக் கொண்டுவந்து தருபவரின் பெயரும் கடையும்கூட எழுதியிருந்தது. அடுத்ததில் வீட்டில் ஒன்பது பேர், பொலிசில் பதிந்தது ஐந்து. வீட்டில் தங்கும் தமிழ் ஆட்கள் எல்லாரையும் பொலிசில் பதிய வேண்டும்; பதியாதவர் பிடிபட்டால் கொண்டுபோய்விடுவார்கள். மூன்றாவது தாள், முன்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளையுடையது. வன்னியிலிருந்து வந்து கடற்கரைப் பக்க லேனில் ஒரு வீட்டோடு ஒட்டிய வாடகை அனெக்ஸில் இருந்தவர்கள். அச்சடித்தது போன்ற எழுத்து.

"அண்ணா. வயது இருபத்திரண்டு. தொழில் இல்லை. பதியவில்லை. வெளியே போவதில்லை." செலவுப் பக்கத்தில், அண்ணாவுக்குப் பேப்பர், அண்ணாவுக்கு ஷேவ் பிளேட்.

ஐயோ! ஒளித்து வைத்திருக்கும் ஒருவனை வயதோடு பொலிஸ்காரனின் கையில் கொடுத்து, பார் என்றல்லவா சொல்லியிருக்கிறேன்! பக்கத்தில் நின்றவர்களில் ஒருவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தால்? என் மனுசன் வந்து ஒரு தாளை வாசித்தார்.

"உமக்கு விசரே? சி.ஐ.டி.காரன்கூட இப்பிடி வடிவாக் கேட்டு எழுதுவிக்க மாட்டான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் முப்பது வீட்டையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தேன். குசினியில் வைத்து ஒவ்வொரு தாளாக எரித்தோம். சாம்பலையும் கரைத்து ஊற்றினோம். வியாழக்கிழமை விடிய வெள்ளவத்தையில் லேன் லேனாகச் சுற்றிவளைத்து ஆட்களைப் பிடிக்கும் ரவுண்டப் என்று கேள்விப்பட்டபோது, ஒரு தாளாவது மிஞ்சியிருக்கிறதா என்று பையைத் திரும்பவும் கொட்டிப் பார்த்தேன்.

மற்றச் சனிக்கிழமை கதவைச் சாத்திவிட்டுப் புதுத்தாள் கொடுத்தேன். "போன கிழமை எழுதினதை மறந்துபோடுங்கோ. பொலிஸ் பதிவில இருக்கிற ஆக்கள் மட்டும்தான் வீட்டில. அப்பாவின்ர சம்பளம் மட்டும்தான் வரவு. விளங்கிச்சுதோ?"

பின்வாங்கிலிருந்து ஒருவன், "அப்ப பொய்க் கணக்குத்தானே மிஸ்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "ஓம், பொய்தான். வாயை மூடிக்கொண்டு எழுதும்" என்றேன்.

முன்வரிசைப் பிள்ளை முதலே முடித்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா, அம்மா, தான். ஆட்கள் மூன்று. அப்பாடா என்றிருந்தது. குனிந்து மெதுவாக, "கெட்டிக்காரி. இப்பிடித்தான் எழுத வேணும்" என்றேன்.

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. "இது பொய்யில்லை மிஸ். வியாழக்கிழமை ரவுண்டப்பில அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம். எங்க வச்சிருக்கினமெண்டு இன்னும் சொல்லேல்லை."

தாள்களை எரித்துவிட்டோமே, என்னால் இல்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு என்னை நானே அறையலாம் போல இருந்தது.

பிள்ளை பேனையைத் தாளில் வைத்தபடி கேட்டது. "அம்மா தோடு வித்த காசை வரவில போட்டனான். லோயருக்குக் குடுக்கிறதை எந்த வரியில மிஸ் எழுதுறது?"

சாப்பாடு, வாடகை, பஸ் காசு, சீட்டு என்று நானே கோடு போட்ட தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். கடைசியில் இருந்த "வேறு செலவுகள்" என்ற வரியில் விரலை வைத்தேன். பிள்ளை அதில் எழுதியது.