மூலையில் விட்ட இடம்

சின்னவள் ஜெயித்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் பெரியவளுக்கு நிறுத்தத் தெரியாது. தங்கையின் இரண்டு கைகளும் பிறவியிலேயே மணிக்கட்டில் மடங்கி, சொன்ன பேச்சுக் கேட்காதவை. இதை எங்கே உட்கார வைப்பது என்று கேட்ட பள்ளிக்கூடத்திலேயே முதல் வரிசைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து, எட்டாவது வரை தேறினாள். கால் விரலிடுக்கில் பென்சில் பிடிக்க யாரும் சொல்லித் தரவில்லை, தானே பழகினாள். பிறகு கரண்டி, சீப்பு, கணினியின் மவுஸ். கிழிந்த பழைய புகைப்படங்களைக் கணினியில் ஒட்டவைக்கும் வேலையை, சும்மா பார்ப்போம் என்று கொடுத்த ஸ்டுடியோக்காரர், “ஒட்டு எங்கேன்னு எனக்கே தெரியலைம்மா” என்று அடுத்த வாரமே நிரந்தரமாக்கினார். அந்தச் சம்பாத்தியத்தில் சொந்தமாகக் கணினி வாங்கினாள். பில் அவள் பெயரில்.

ஜெயிக்காதது ஒன்றுதான். வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோது செருப்பைக் கழற்றிக் காலால் பேனாவை எடுத்தவளை அதிகாரி தடுத்துவிட்டார். “காலால போட்டா செல்லாதும்மா. ரேகை வைங்க.” மடங்கிய கட்டைவிரலைப் பெரியவள்தான் நிமிர்த்தி மையில் அழுத்தினாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் ரேகைதான்.

“விடுக்கா. என் முதல் கையெழுத்தை உருப்படியான ஒண்ணுல போட்டுக்கறேன்” என்றாள் சின்னவள், திரும்பி வரும்போது.

அந்த உருப்படியான ஒன்று, மழையில் தொலைந்துபோன குடை ஒன்று தானாக வீடு தேடி வரும் கதை. எழுத்தே கிடையாது, எல்லாம் படம். ஸ்டுடியோ வேலை முடிந்த பிறகு, கணினியோடு இணைத்த வரைபலகையைத் தரையில் வைத்து, குதிகாலை ஊன்றி, கால் மரத்துப்போகும்வரை வரைவாள். நான்கு வருஷம். ஒவ்வொரு படத்திலும் வலது பக்கக் கீழ் மூலையை மட்டும் வெறுமையாக விட்டாள். எல்லாம் முடிந்ததும் மொத்தமாக உட்கார்ந்து பெயர் போட வேண்டுமாம். குழந்தைப் புத்தகம் போடும் அம்மாள் ஒருவர் வீட்டுக்கே வந்து, திரையில் பார்த்து, கடைசிப் படம் முடிந்ததும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

கடைசிப் படத்துக்கு வானம் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம். டிக், டிக். பல்லி என்று நினைத்துப் பெரியவள் விளக்குமாற்றோடு மேஜைக்குப் பின்னால் தேடினாள். பல்லி கணினிக்குள் இருந்தது. திரை அப்படியே உறைந்தது.

“ஹார்ட் டிஸ்க்தான். பதறாதே, அஞ்சு வருஷ வாரண்டி, இன்னும் இருக்கு” என்றாள் சின்னவள். “படமெல்லாம் டி டிரைவ்ல ஒண்ணு, ஈ டிரைவ்ல ஒண்ணு, ரெண்டு இடத்துல வச்சிருக்கேன்.”

பெரியவளுக்கு அது தெரியும். சட்டைகளில் தையல் பிசகு பார்ப்பது அவள் வேலை. எதையும் இரண்டு தடவை பார்ப்பவள். தங்கையும் தன்னைப் போலவே என்று கம்பெனியில் பெருமையடித்திருக்கிறாள்.

சர்வீஸ் சென்டரில், கண்ணாடி போட்ட டெக்னீஷியன் டிஸ்க்கைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தார். “புதுசு தந்துடுவோம். பழசு கம்பெனிக்குப் போயிடும். அதுல இருக்கறதுக்கு நாங்க பொறுப்பில்லை.”

“பரவாயில்ல சார். டி போனாலும் ஈ இருக்கு” என்றாள் சின்னவள்.

“ஈ வேற டிஸ்க்கா?”

“இல்லையே, இதுலதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, இது ஒரே வீடு. உள்ள ரெண்டு ரூம், அவ்வளவுதான். வீடு இடிஞ்சா ரெண்டும் போச்சு.”

சின்னவள் பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, எடுக்க மறந்திருந்தாள்.

டெக்னீஷியன் தன் கணினியில் மாட்டிப் பார்த்தார். குடை ஒன்று, குடை இரண்டு என்று பெயர்கள் வரிசையாக வந்தன. முதல் படத்தைத் திறந்தார். மேல் விளிம்பில் சாம்பல் நிற மழைவானம் ஒரு விரல் அகலத்துக்கு வந்தது. டிக், டிக். வானமும் போயிற்று. மறுபடி மாட்டியபோது டிஸ்க் இருப்பதாகவே கணினி ஒப்புக்கொள்ளவில்லை.

“தகவலை எடுக்கறவங்க இருக்காங்க. ஆனா பிரிச்சா சீல் போயிடும், வாரண்டி கிடையாது. அப்பவும் தேறாது. உள்ள சுத்தற தட்டுல கீறல் விழுந்த சத்தம் இது.”

“வேண்டாம்டி. பழசை வீட்டுக்கே கொண்டு போயிடலாம். என்னிக்காவது ஒருத்தன்...” என்றாள் பெரியவள்.

“அந்த என்னிக்காவது வர்ற வரைக்கும் எதுல வேலை பார்க்கறது? ஸ்டுடியோக்காரர் வேற ஆள் விசாரிச்சிட்டிருக்கார்க்கா.”

“நான் வேற புதுசு வாங்கித் தரேன்.”

“எதை வித்து? உன்னை வித்தாலும் யாரும் எடுக்க மாட்டாங்க. வாய் பெருசு.”

டெக்னீஷியன்கூடச் சிரிக்கவில்லை. ஒப்படைப்புச் சீட்டை நீட்டினார். பெரியவள் பழக்கத்தில் தங்கையின் கட்டைவிரலைப் பிடித்து நிமிர்த்தி, மைப்பெட்டியைத் தேடினாள்.

“ரேகை எங்க கம்பெனியில எடுக்க மாட்டாங்கம்மா. கையெழுத்துதான்.”

“நான் அக்கா. நான் போடறேன்.”

“பில் அவங்க பேர்ல இருக்கே. அவங்கதான் போடணும்.” சின்னவளின் கைகளைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். “காலால போட்டாலும் சரிம்மா. எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். எழுந்து வந்து, அட்டையில் செருகிய சீட்டைத் தரையில் வைத்ததும் அவரேதான்.

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பாதத்தில் தெருப்புழுதி. பெரியவள் குனிந்து துப்பட்டாவால் துடைத்துவிட்டாள், விரலிடுக்கு உட்பட, படம் வரைய உட்காரும்முன் துடைத்துவிடுவது போலவே. டிஸ்க்கைத் தானாகவே ஒப்படைப்பதாகவும், அதிலுள்ள எதையும் பிறகு கேட்கப்போவதில்லை என்றும் சீட்டில் அச்சடித்திருந்தது. வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு கோடு.

அந்தக் கோட்டைச் சின்னவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குதிகாலை ஊன்றி, அவசரப்படாமல், பெயரை முழுதாக எழுதினாள். அழகாகத்தான் வந்தது. எத்தனையோ வருஷமாக மனசுக்குள் எழுதிப் பார்த்தது.

“தேதியும் போட்டுடுங்கம்மா” என்றார் டெக்னீஷியன்.

அதையும் போட்டாள். 11 செப்டம்பர் 2019.