எழுவாய் இல்லாத வீடு

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர். அவரிடம் பாராட்டு வாங்கியவர் ஒருவரும் இல்லை. மிக நன்றாக ஓட்டியவரிடம் அவர் சொல்லும் வார்த்தை, "சரி, இறங்கு." அதைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பயிற்சி வண்டியில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் மாஸ்டருக்கு ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தே அவருடைய வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்காமல், அடுத்தவர் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டே இருப்பது ஒரு மனிதரை என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்கலாம். மாஸ்டர் யோசித்ததில்லை. அவர் மகன் யோசித்திருக்க வேண்டும். அப்பாவுக்கு 'டபுள் பிரேக்' என்று பெயர் வைத்துவிட்டு வெளிநாட்டுக்குப் போய், அந்த நாட்டுப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான்.

மாஸ்டரின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தார். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவார். ஒரு நாள் தானும் கார் ஓட்டப் பழக வேண்டும் என்றார். மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். நாற்சந்தியில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஹாரன். பின்சீட்டில் தங்கள் முறைக்காக இரண்டு மாணவர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் காதுபட மாஸ்டர் சொன்னார்:

"மாத்திரை எண்ணுறதோட நிறுத்திக்க. உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?"

மனைவி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். கைப்பிரேக்கைப் போட்டார். எச்சரிக்கை விளக்கைப் போட்டார். கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தார். எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டுத்தான் இறங்கினார் என்பது மாஸ்டருக்குப் பிறகுதான் உறைத்தது. சொல்லிப் பாராட்ட ஆள் எதிரில் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. பேச்சு இல்லை என்பதும் சரியல்ல. தமிழில் ஒரு வசதி இருக்கிறது. பள்ளியில் எழுவாய், பயனிலை என்று படித்தோமே, அந்த எழுவாயை எடுத்துவிட்டாலும் குடும்பம் நடத்தலாம். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்று மனைவி அடுப்பைப் பார்த்துச் சொல்வார். யார் எடுத்து வைத்தது, யாருக்கு என்பதெல்லாம் கிடையாது. "பால் தீர்ந்துபோச்சு" என்று மாஸ்டர் ஃப்ரிட்ஜிடம் தெரிவிப்பார். "வாங்கிட்டு வந்தாச்சு" என்று ஃப்ரிட்ஜின் சார்பில் பதில் வரும். இப்படி யாரும் யாரையும் கூப்பிடாமல் மாதங்கள் ஓடின. "ஏங்க" என்ற சொல் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டது. அது போன பிறகுதான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அது தன் காதில் விழுந்துகொண்டிருந்தது என்று மாஸ்டருக்குத் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் மருமகள் கர்ப்பம் என்று செய்தி வந்தது. பிரசவத்துக்கு இரண்டு பேரும் வாருங்கள் என்று மகன் போனில் கூப்பிட்டான். மாஸ்டர் குளியலறையில் முகத்தில் சோப்போடு நின்றிருந்தார். வெளியே மனைவி சொன்னது காதில் விழுந்தது.

"நான் மட்டும் வரேன்பா. உங்கப்பாவுக்கு ஸ்கூல் இருக்கு."

ஸ்கூல் இருக்கு என்று நான் சொன்னேனா என்று மாஸ்டர் கண்ணாடியைக் கேட்டார். கண்ணாடி என்ன சொல்லும். வெளியே வந்து, "நானும் வரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

மருமகளுக்கு அவள் மொழியைத் தவிர வேறு மொழி தெரியாது. போய் இறங்கிய பிறகு ஊமைபோல் நிற்கக்கூடாது என்று மனைவி போனில் மொழி சொல்லித்தரும் ஆப் ஒன்றை இறக்கிப் படிக்கத் தொடங்கியிருந்தார். சமையலறையிலிருந்து, "குதிரை ரொட்டி தின்கிறது" என்ற பொருளில் அந்த மொழியில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் அதே ஆப்பைத் தானும் இறக்கினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தயாராக இருக்க வேண்டாமா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

அந்த ஆப்பில் கண்ணாடி போட்ட ஒட்டகச்சிவிங்கி ஒன்று பாடம் நடத்தியது. தப்பாகச் சொன்னால் திரையில் இருக்கும் இதயங்களில் ஒன்று போய்விடும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து தொங்கிப்போகும். படிப்பவர்களைக் களிமண், செம்பு, வெள்ளி, தங்கம் என்று வகுப்பு பிரித்திருந்தார்கள். "மண்டைல என்ன, களிமண்ணா?" என்று தலைமுறைகளைக் கேட்டுவந்த மாஸ்டரை எடுத்த எடுப்பில் களிமண் பிரிவில் உட்கார வைத்தது ஆப். அங்கேயே வெகுநாள் இருந்தார்.

அவருக்கு வில்லங்கம் ஒரே இடத்தில்தான். "வருகிறேன்" என்றால் தமிழில் 'நான்' அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த மொழியில் அப்படி இல்லை. யார் வந்தாலும் வினைச்சொல் ஒன்றேதான். ஆள் யார் என்று முன்னால் தனியாகச் சொல்லியாக வேண்டும். மாஸ்டர் ஆளைச் சொல்ல மாட்டார். வீட்டுப் பழக்கம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு இதயம் போனது. மாணவர்களின் தப்பை எண்ணியே பழகியவருக்கு, ஒரு விலங்கு தன் தப்பை எண்ணுவது முதலில் கோபமாகவும், பிறகு வெட்கமாகவும், கடைசியில் பசியெடுப்பதுபோல் ஒரு நச்சரிப்பாகவும் இருந்தது.

பயிற்சி வண்டியிலும் படித்தார். ஒரு நாள் மைதானத்தில், ஆஸ்பத்திரி வரவேற்பறையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி கிளட்சை மிதித்தபடி அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தாள். மாஸ்டர் மடியில் வைத்திருந்த போனைப் பார்த்து, "விடு" என்றார். வண்டி துள்ளி, முன்னால் பயிற்சிக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பை ஏறி மிதித்தது. மாஸ்டர் பிரேக்கை அமுக்கினார்.

"யாரு உன்னை விடச் சொன்னா?"

"நீங்கதான் சார் 'விடு'ன்னீங்க."

"அது பாலும்மா."

"என்னது சார்?"

"அந்த பாஷைல பாலுக்கு அப்படித்தான் சொல்லணும். நான் போன்கிட்ட சொன்னேன்."

அந்தப் பெண் அதோடு விடவில்லை. "அப்ப நிஜமா 'விடு'ன்னா எப்படி சார் சொல்வீங்க?" மாஸ்டர் இறங்கி, வண்டிக்கு அடியிலிருந்து கூம்பை இழுத்து எடுத்தார். அன்று அவளை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக இறக்கிவிட்டார்.

பிறகு ஒரு கைத்தவறு நடந்தது. ஆப் ஒரு நாள், உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் படிக்கிறார் என்று ஒரு படத்தைக் காட்டியது. மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் மனைவி நின்றிருந்தார். தங்கப் பிரிவு. முதலிடம். மாஸ்டர் பதறிப்போய் அந்தப் பக்கத்தை மூடப் பார்த்தார். ஸ்டியரிங்கும் கியரும் பிடித்துத் தடித்த விரல். மூடும் பொத்தானுக்குப் பதில் பக்கத்திலிருந்த 'பாராட்டு' பொத்தானில் பட்டது. திரையில் காகிதப் பூக்கள் கொட்டின. கடையில் இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்த மனைவியின் போனில், "மாஸ்டர் உங்களைப் பாராட்டுகிறார்: அருமை! கலக்கிவிட்டீர்கள்!" என்று வந்து விழுந்தது.

அவர்கள் குடும்ப வாழ்க்கையில் அதுதான் முதல் பாராட்டு. தவறுதலாக நடந்தது என்பதால் அதன் மதிப்பைக் குறைத்துவிட வேண்டியதில்லை. யோசித்துச் செய்திருந்தால் செய்திருக்கவே மாட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்த மனைவி அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அன்றைய தேநீரில் மட்டும் சர்க்கரை சரியாக இருந்தது. பாராட்டியதைப் பார்த்த ஆப், இவர்கள் நெருங்கிய சிநேகிதர்கள் என்று முடிவு கட்டிவிட்டது. இருவரையும் ஒரே அணியில் போட்டு, வாரக் கடைசிக்குள் சேர்ந்து இவ்வளவு பாடம் முடித்தால் ஒரு பரிசுப் பெட்டி திறக்கும் என்றது. ஒருவர் சோம்பினால் இருவருக்கும் பெட்டி இல்லை.

"பெட்டி திறக்கக் கொஞ்சம்தான் பாக்கி. படிக்கிறவங்க படிச்சா நல்லது" என்று மனைவி ஃப்ரிட்ஜிடம் சொன்னார்.

"படிச்சுக்கிட்டுதான் இருக்கு" என்று மாஸ்டர் செய்தித்தாளிடம் சொன்னார். தன்னையே அஃறிணையாக்கிச் சொன்னது அவருக்கே உறைக்கவில்லை. மனைவி சிரிப்பு வெளியே தெரியாமலிருக்க ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

பெட்டி திறந்தது. உள்ளே ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு தொப்பி இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் வந்தான். டிக்கெட் போட வேண்டும், அம்மா ஒரு ஆள்தானே, உறுதியாகச் சொல்லுங்கள் என்றான். கேமராவில் தெரிவதற்காக இருவரும் ஒரே சோபாவில், நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே யாரோ கதவைத் தட்ட, மகன் போனை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் தன் மொழியில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அம்மா வருகிறார். அப்பா?"

மாஸ்டருக்கு முழுவதும் புரிந்தது. இப்போது விட்டால் டிக்கெட் ஒன்றுதான். வாயைத் திறந்து, தெரிந்த வினைச்சொல்லை அவள் மொழியிலேயே சொன்னார்.

"வா."

மருமகள் திகைத்தாள். தன் வயிற்றைக் காட்டினாள். இப்படி இருப்பவளை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றாள். புரியாத மாணவர்களிடம் செய்வதைப்போல மாஸ்டர் குரலை உயர்த்தினார். "வா." மருமகள் உள்ளே திரும்பி, உன் அப்பா என்னை அங்கே வரச் சொல்கிறார் என்று கணவனைக் கூப்பிட்டாள். குரலில் பயம் தெரிந்தது.

மனைவி திரும்பினார். மாதங்களுக்குப் பிறகு முகத்துக்கு நேராகப் பேசினார்.

"யாருன்னு சொல்லுங்க."

"என்ன?"

"யார் வராங்கன்னு சொல்லணும். அந்த பாஷைல ஆளைச் சொல்லலன்னா அது உத்தரவு."

"உத்தரவா? நான் கேட்டுக்கிட்டுல்ல இருக்கேன்."

"கேக்குறது யாருன்னாவது சொல்லுங்க."

மாஸ்டர் படித்த பாடங்களைத் துழாவினார். உணவகப் பாடத்தில், 'நான் இங்கே உட்காரலாமா' என்று ஒரு வாக்கியம் வரும். அதைக் கழற்றி மாட்டி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"நான் வரலாமா?"

வாருங்கள், வாருங்கள் என்றாள் மருமகள். மாஸ்டர் போனைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் புத்திசாலி. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

கேள்வி சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"எதுக்கு வரணும்?" என்று மனைவி கேட்டார். தமிழில்தான்.

மாஸ்டர் தமிழில் பதில் தேடினார். கிடைத்த சொற்கள் எல்லாம் ஏற்கெனவே எங்கேயாவது இடித்து ஒடுங்கியவையாக இருந்தன. ஒரு மொழியில் நெடுங்காலம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது ஒரு சங்கடம். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கும். புதிய மொழியில் அவர் இன்னும் யாரையும் திட்டியதில்லை. அதில் மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றே ஒன்று அவருக்கு முழுதாகத் தெரியும். ரயில் பாடத்தில் வருவது. முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"மன்னிக்கவும். நான் உங்கள் காலை மிதித்துவிட்டேன்."

மனைவி குனிந்து தன் காலைப் பார்த்தார். அது யாரிடமும் மிதிபடாமல் செருப்புக்குள் பத்திரமாக இருந்தது. பிறகு நிமிர்ந்தார். அந்த மொழியில் நீ, நீங்கள் என்று இரண்டு கிடையாது. மாஸ்டர் சொன்னதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மனைவி எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. பிறகு, தங்கப் பிரிவின் சுத்தமான உச்சரிப்பில், அதே பாடத்தின் அடுத்த வரியைச் சொன்னார்.

"பரவாயில்லை. ரயிலில் கூட்டம் அதிகம்."

மாஸ்டருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, 'கூட்டம்' என்ற சொல்லை அப்படியா அழுத்துவது, ஒட்டகச்சிவிங்கி வேறு மாதிரியல்லவா சொல்கிறது என்று ஆரம்பித்தார். களிமண் பிரிவில் இருப்பவர்கள் தங்கத்துக்குச் சொல்லித்தர வேண்டாம் என்றார் மனைவி. குரல்கள் உயர்ந்தன. இருவரும் எதிரெதிரே முகம் பார்த்து, நீங்க என்றும் நீ என்றும் தாராளமாக எழுவாய் போட்டுச் சண்டை பிடித்தார்கள். எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

ஓய்ந்த பிறகு மனைவி போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ரெண்டு டிக்கெட் போடச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க. இல்லன்னா திரும்பவும் அந்தப் பொண்ணை இங்க வரச் சொல்லிடுவீங்க."

மாஸ்டர் மகனைக் கூப்பிட்டு, "நானும் உங்கம்மாவும் வரோம்" என்றார். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றான் மகன். அவர் இன்னொரு தடவையும் சொன்னார்.