இத்தாலியன் கடையில் நான் அடித்த அடி

அந்தக் கடையில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. கிளென்ஃபீல்டில், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், கார் திருத்துகிற கராஜ்களுக்கு நடுவே இருந்தது. ஓர் இத்தாலியக் குடும்பத்தின் கடை. தாய் கவுண்டரில், மகன் பின்னால் இறைச்சி வெட்டுகிற இடத்தில். தகப்பன் செத்துப்போய்விட்டார். தொங்குகிற பன்றித் தொடைகளுக்கு இடையிலிருந்து அவருடைய படம் மட்டும் எல்லாரையும் முறைத்துக்கொண்டிருக்கும். முதல்நாள் போனபோது தாய் கத்த, மகன் உள்ளே இருந்து திருப்பிக் கத்த, எலும்பு அறுக்கிற வாள் கிரீச்சிட, இங்கே இன்றைக்கு ஒரு கொலை விழப்போகிறது என்று நினைத்துக் கதவடியிலேயே நின்றுவிட்டேன். பிறகு மகன்தான் சொன்னான், அம்மா சாப்பிட்டியா என்று கேட்டாளாம். எனக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போயிற்று. நாள் முழுக்கத் தணிந்த குரலில் 'சொறி, சொறி' என்று மன்னிப்புக் கேட்டே களைத்துப்போனவள் நான்.

நான் அங்கே போவது உப்பு மீனுக்கு. பெரிய கடல்மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, பலகை மாதிரிக் காயவைத்திருப்பார்கள். எங்கள் ஆட்களின் கடைகளில் வருகிற கருவாடு தூளாக உதிரும். இது அப்படியில்லை, மன்னார்க் கருவாட்டின் மணமே இருக்கும். கடைக்கார மனுசி ஒவ்வொரு தரமும் மீனைக் கவுண்டரில் ஓங்கி அடித்து, அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று காட்டுவாள். அவளுடைய உடைந்த ஆங்கிலத்தை என் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "ரெண்டு நாள் தண்ணியில ஊறப்போடு!"

"நான் ஊறப்போடுறேல்ல. கழுவிப்போட்டுப் பொரிப்பன்."

"ஐயோ, செத்துப்போவாய்!"

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் சாகேல்ல."

அவள் தலையில் அடித்துக்கொள்வாள். இது எங்களுக்குள் வழக்கமாகிவிட்ட சண்டை.

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் கடைக்குள் கள்ளர் வந்தார்கள். நகரத்தின் மறுகோடியில், மனுரேவாவில் எங்களுக்கு ஒரு டெய்ரி இருந்தது. பால், பாண், சிகரெட், பிள்ளைகளுக்கு லொலி மிட்டாய் விற்கிற மூலைக்கடை. பின்னேரம், நல்ல மழை. இரண்டு பேர் வந்தார்கள். தலையை மூடிய ஜாக்கெட், கண் மட்டும் தெரிய முகத்தில் துணி. ஒருத்தன் கத்தியை நீட்டிச் சிகரெட் அலுமாரியைத் திறக்கச் சொன்னான். என் மனுசன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பால் போத்தலைத் தூக்கி அவன் முகத்துக்கே எறிந்தேன். அவன் கத்தியை வீசினான். குறுக்கே பாய்ந்த என் மனுசனின் முன்னங்கை பிளந்தது. அவர்கள் ஓடிவிட்டார்கள். நிலமெல்லாம் பாலும் ரத்தமும் கலந்து ஓடியதைத் துடைக்க என்னால் முடியவில்லை, பக்கத்துக் கடைக்காரர்தான் வந்து துடைத்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைச் சுற்றி ஒரே கூட்டம். "அக்கா, நீங்கள் சிங்கம்தான்!" என்றார்கள். பொய் சொல்வானேன், எனக்கு அது இனித்தது. அன்றைக்கே வீட்டில் மீன் வெட்டுகிற கத்தியைக் கொண்டுபோய்க் கடையில் லொலிப் பெட்டிக்குக் கீழே வைத்தேன்.

"இஞ்சேரும், கடையைக் குடுத்திடுவம்," என்றார் மனுசன்.

"உங்களுக்குப் பயம் எண்டால் வீட்டில இருங்கோ. நான் நடத்துவன்."

"எனக்கு அவங்களில பயமில்லை. உம்மிலதான் பயம். ஒருநாள் ஆரையோ வெட்டப்போறீர்."

"வெட்டத்தானே வச்சிருக்கிறன்!"

கடையை வாங்க ஓர் ஆள் வந்து நின்றார், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். கடை லீஸ் ஒப்பந்தத்தில் எங்கள் இருவர் பெயரும் இருந்ததால் நானும் ஓம் சொன்னால்தான் காரியம் நடக்கும். நான் மாட்டேன் என்றேன். பயந்தாங்கொள்ளி என்றும் சொன்னேன், அதுவும் கட்டுப்போட்ட கையோடு சோறு சாப்பிடத் தெண்டித்துக்கொண்டிருந்த மனுசனைப் பார்த்து. அவர் கரண்டியை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

சனிக்கிழமை காலை கடைக்கு ஓர் ஆளை நிறுத்திவிட்டு, உப்பு மீன் வாங்கப் போனோம். இத்தாலியன் கடைக்குள் போனதும் அவர் ஒலிவ் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் மீனை நானே தெரிந்து எடுத்தேன். முழ நீளம், விளிம்பு அரம் மாதிரி. மனுசி அந்தப் பக்கத்தில் பெரிய சீஸ் உருளையைக் கத்தியால் பிளந்துகொண்டிருந்தாள்.

எனக்குப் பின்னால் ஒரு கதவு படாரென்று திறந்தது. திரும்பினேன். தலையை மூடிய ஜாக்கெட், மூக்கு வரை துணி, கையில் கத்தி. ஏதோ கத்திக்கொண்டு என்னை நோக்கி வந்தது.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு கையாலும் மீனைத் தூக்கி அடித்தேன். முதல் அடியிலேயே புருவம் பிளந்தது. கத்தி கீழே விழுந்துவிட்டது, அது விழுந்ததை நான் கண்ணால் கண்டேன், கண்டும் அடித்தேன். அவன் தக்காளி ரின்களுக்கு மேல் சரிந்தான். ரின்கள் கடை முழுக்க உருண்டன. மீனின் உப்பு காயத்துக்குள் போய் அவன் துடித்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் கதறினான். அந்தச் சொல் எந்த மொழியில் சொன்னாலும் விளங்கும். விளங்கியும் என் கை நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ என்னைப் பிடித்தார்கள், முழங்கையால் இடித்தேன். "ஐயோ, நானப்பா!" என்ற குரல் கேட்டபோதுதான் அது என் மனுசன் என்று தெரிந்தது. அவருடைய கட்டுக்குள்ளிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அதற்குள் மனுசி கவுண்டரைச் சுற்றி ஓடி வந்துவிட்டாள். என் முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு கன்னத்தில் விட்டாள் ஓர் அறை. காது இரைந்தது. மற்றக் கன்னத்திலும் விட்டாள். மீன் என் கையிலிருந்து நழுவியது.

என் மனுசன் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார், டெய்ரி, கள்ளர், கத்தி என்று. சொல்லிக்கொண்டே நனைந்த கட்டைத் தூக்கிக் காட்டினார். மனுசி அந்தக் கையைப் பார்த்தாள். ரின்களுக்கு நடுவில் கிடந்தது அவளுடைய மகன், குளிருக்குத் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஃபிரீசருக்குள் இறைச்சி வெட்டி எடுக்கப் போனவன். அவள் குனிந்து, அவன் தலையை மூடியிருந்ததைப் பிடுங்கி எறிந்து, அவனுக்கும் ஓர் அறை விட்டாள்.

"கடைக்குள்ள முகத்தை மூடிக்கொண்டு வராத எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"உள்ளுக்க குளிருதம்மா!" என்று அழுதான், முப்பது வயசுக்காரன்.

இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. மனுசி என்னை ஒரு பெட்டிமேல் இருத்திவிட்டு மகனின் காயத்தைக் கழுவினாள். தையல் போடவேண்டும் என்றாள். பொலிசைக் கூப்பிடுங்கோ என்றேன் நான். அவள் நிலத்திலிருந்து சீஸ் வெட்டுகிற கத்தியைப் பொறுக்கி என் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதோடதான் வந்தனான். உன்னைக் குத்தத்தான் வந்தனான். நீ அழுதழுது அடிச்சாய். அதைக் கண்டுதான் கீழ போட்டனான்."

நான் அழுததே எனக்குத் தெரியாது. தொட்டுப் பார்த்தேன், முகமெல்லாம் ஈரம். வெட்கமாக இருந்தது. மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒற்றைக் கண்ணால் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். மனுசி அந்த மீனையே தாளில் சுற்றி என் கையில் திணித்தாள்.

"இந்த முறையாவது ஊறப்போடு. என்ர பிள்ளையின்ர ரத்தம் இருக்கு அதில."

அடுத்த நாள் மனுரேவாவில் விடாமல் மழை. மனுசன் பின்னறையில் பால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார், ஒற்றைக் கையால். கதவு திறந்தது. தலையை மூடிய ஜாக்கெட், குனிந்த முகம், ஒரு கை பொக்கற்றுக்குள். நேரே கவுண்டருக்கு ஓடி வந்தது.

"ஆன்ரி, ஒரு டொலருக்கு லொலி."

பொக்கற்றிலிருந்து வந்தது காசு. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட என்னைப் பார்த்துச் சிரித்தவள், முன்பல் விழுந்த, பக்கத்துத் தெருச் சின்னப் பெட்டை. லொலிக்குத் தினமும் வருபவள். என் வலக்கை லொலிப் பெட்டிக்குக் கீழே இருந்தது. கத்தியின் பிடி உள்ளங்கைக்குள் இறுகி இருந்தது. எப்போது போனது அந்தக் கை? எனக்குத் தெரியாது. கடவுளே, எனக்குத் தெரியாது.

இடக்கையாலேயே லொலியை அள்ளிக் கொடுத்தேன். கணக்கில்லாமல் அள்ளினேன். அவள் சந்தோசமாக மழைக்குள் ஓடினாள். வலக்கை விரல்களைத் திறக்கப் பார்த்தேன், திறக்க வரவில்லை.

"இஞ்சரப்பா," என்று கூப்பிட்டேன். "கடை கேட்ட அந்த ஆளுக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ."

அவர் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு கை இருந்த இடத்தைப் பார்த்தார். பயந்தாங்கொள்ளி என்று நான் சொன்ன அந்த மனுசன், தையல் போட்ட கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை எடுத்தார்.