புது டர்போவும் பழைய குழாயும்

பழைய கார் வாங்கக் கிளம்புகிறவர்கள் அந்த வட்டாரத்தில் முதலில் தேடுவது ஆறட்டும் அக்காவைத்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் விற்கிற வீட்டு வாசலில் இறங்கியதும் நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு தெரிந்தால் "ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். விற்கிறவர் தலைகீழாக நின்றாலும் அதற்குள் மூடியைத் திறக்கமாட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. சூடேறிய எஞ்சின் நன்றாக நடிக்கும். புகை, தடதடப்பு, ஊளை எல்லாம் ஆறிப்போன எஞ்சினைக் கிளப்பும்போதுதான் வெளியே வரும். கல்யாணமான புதிதில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்து, தலை நரைக்கத் தொடங்கும்வரை அங்கேயே இருந்தவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடியும்வரை விற்கிறவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். கேட்டால், "குடிச்சிட்டா நாக்கு வழுக்கும்" என்பார்.

அன்று அவரை அழைத்துப் போனவள் ஒரு தையல்காரி. பள்ளிச் சீருடைகளைத் தைத்து மூட்டை மூட்டையாக வாடகை வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்து அலுத்தவள். டர்போ எஞ்சின் போட்ட சின்ன கார் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அக்கா, நீங்க சரின்னா வாங்கறேன். வேணாம்னா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக் கதவு திறந்தது. திறந்தவரைப் பார்த்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேண்டு வாத்தியார்! பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு டிரம்பெட் ஊதக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். போன மாதம்தான் மனைவியோடும் மகனோடும் அக்கா வீட்டுக்கு வந்து, அவர் மகளைப் பெண் கேட்டுவிட்டுப் போயிருந்தார். பையனை அக்காவுக்கும் பிடித்திருந்தது, மகளுக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவதும் தேதி குறிப்பதும்தான் பாக்கி.

"அட, நீங்களா! வாங்க, வாங்க" என்று வாத்தியார் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். பின்னாலேயே அவர் மனைவியும் ஓடிவந்தார். "வாங்க அண்ணி! சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா? உட்காருங்க, டீ போடறேன்."

அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட அக்கா ஒரு நொடி நினைத்தார். பக்கத்தில் தையல்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்தது இவளுக்காக, இவளை நட்டாற்றில் விட்டுவிட்டுச் சம்பந்தி வீட்டில் விருந்தாடுவது என்ன நியாயம்? அக்கா நேராக வண்டியிடம் போய்ப் பானெட்டில் கை வைத்தார். நன்றாகச் சுட்டது.

"ஆறட்டும்" என்றார்.

வாத்தியாருக்குப் புரியவில்லை. "நான்தான் இப்ப ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். வாசிக்கிறதுக்கு முன்னாடி டிரம்பெட்டை ஊதிச் சூடுபண்ணி வைக்கிற மாதிரி, வண்டியும் தயாரா இருக்கட்டுமேன்னு."

ஏமாற்றுகிறவர் இவ்வளவு வெள்ளையாகச் சொல்வாரா என்று அக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஆனால் எஞ்சின் யார் வீட்டில் நின்றாலும் எஞ்சின்தான்.

"நல்லதுதான் சார். இருந்தாலும் ஆறட்டும். வேலை முடியட்டும் அண்ணி, டீ அப்புறம் குடிக்கறேன்."

அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது. பெண் கொடுக்கப் போகிறவள் ஒரு வாய் டீ குடிக்க மறுத்தால் யாருக்குத்தான் மனம் தாங்கும்? அதற்குப் பிறகு 'அண்ணி' காணாமல் போய் வெறும் 'நீங்க' ஆனது. மகனைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதியில் நிறுத்தினார். தையல்காரியிடம் மட்டும் பாவாடைக்கு நாடா வைப்பதைப் பற்றி நிறையப் பேசினார். அக்கா வண்டி நிழலில் நாற்காலியைப் போட்டு, பிடித்து வைத்த பிள்ளையார்போல் உட்கார்ந்திருந்தார். மகளின் கல்யாணம் இந்த இரும்புத் துண்டால் கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் தன் கண்ணின் மீது அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அன்றும் வரவில்லை.

வெயில் இறங்கியது. பானெட் குளிர்ந்தது. அக்கா மூடியைத் தூக்கி, வாத்தியாரைக் கிளப்பச் சொன்னார். எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது, புகை இல்லை. ஆனால் சன்னமாக ஓர் ஊளை எழுந்து, கொஞ்சம் தயங்கி, அடங்கியது. அக்கா அணைக்கச் சொல்லிவிட்டு, காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவுக்குள் விரலை விட்டார். இறக்கைகள் புத்தம்புதிதாக இருந்தன. தண்டு முன்னும் பின்னும் இம்மிகூட அசையவில்லை.

வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தினார். "அப்பவே சொல்லணும்னு நினைச்சேன். டர்போ புதுசு! பழசு போயிடுச்சுன்னு மெக்கானிக் புதுசாவே மாத்திட்டாரு. வாங்கறவங்களுக்கு ஒரு கவலை இல்ல."

தையல்காரியின் முகம் மலர்ந்தது. அக்காவின் கண் மட்டும் டர்போவின் தலைக்கு மேலே போகும் மெல்லிய இரும்புக் குழாயில் நின்றது. எஞ்சினிலிருந்து டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய் அது. டர்போ பக்கம் இருந்த திருகு பளபளத்தது. எஞ்சின் பக்கத்துத் திருகிலோ பழைய அழுக்கு அப்படியே அப்பிக் கிடந்தது. வண்டி பிறந்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை.

"சார், பழைய டர்போ எதனால போச்சுன்னு மெக்கானிக் சொன்னாரா?"

"வயசாயிடுச்சுன்னாரு."

"வயசு இல்ல சார், பட்டினி. இந்தக் குழாய்ல எண்ணெய் கருகி அடைச்சிருக்கு. டர்போவை மாத்தினவரு குழாயை மாத்தல. புதுசும் இப்ப பட்டினிதான், அதிகம் ஓடாததால இன்னும் தாங்குது. அந்த ஊளை அதோட சத்தம். இப்படியே ஓட்டினா இதுவும் போயிடும்." தையல்காரியிடம் திரும்பினார். "தங்கச்சி, இப்போதைக்கு இதை வாங்காதே."

வெட்டு ஒன்று துண்டு இரண்டாக அவர் சொல்லி முடித்ததும் வாத்தியாரின் முகம் சிவந்தது. "நான் என்ன ஊரை ஏமாத்தறவனா? அவ்வளவு செலவு பண்ணி மாத்தியிருக்கேன். பார்த்த பார்வையிலேயே அடைப்புன்னு சொல்லிட்டா எப்படி?"

"நாளைக்கு உறவாகப் போற வீட்டுல வந்து இப்படியா?" என்று அவர் மனைவி வாசற்படியிலிருந்தே கேட்டார்.

அக்காவுக்கு வலித்தது. பூசி மெழுகி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டே பிரிந்திருக்கலாம். ஆனால் பிறகொரு நாள் தையல்காரி துணி மூட்டைகளோடு நடுரோட்டில் நின்றிருப்பாள்.

"நீங்க ஏமாத்தல சார். உங்களைத்தான் ஏமாத்தியிருக்காங்க. நீங்க சரின்னா குழாயைக் கழட்டறேன். நான் எதுவும் சொல்லல, நீங்களே பாருங்க."

வாத்தியார் வீம்பாகத் தலையாட்டினார். ஆறிய எஞ்சின் என்பதால் கை சுடாமல் கழன்று வந்தது. அக்கா இரு முனைகளையும் துணியால் அழுத்தித் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஊதுங்க சார். ஊதறதுல உங்களை மிஞ்ச ஆள் உண்டா?"

வாத்தியார் குழாயை உதட்டில் வைத்து, மறுமுனைக்கு நேராக உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு ஊதினார். கையில் காற்றே படவில்லை. நிமிர்ந்து நின்று, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, மைதானத்துக் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை ஊதினார். கன்னம் இரண்டும் உப்பின, கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது. எறும்பின் மூச்சளவுகூட மறுபக்கம் வரவில்லை. தையல்காரி சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பி நின்றுகொண்டாள்.

வாத்தியார் குழாயை இறக்கினார். உதட்டில் கறுப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"பச்சப்புள்ளைங்க வாயில மிட்டாயை வச்சுக்கிட்டே ஊதி டிரம்பெட்டை அடைச்சிருக்காங்க. அதுலகூட கொஞ்சம் காத்து வரும்" என்றார் மெதுவாக. பிறகு தையல்காரியைப் பார்த்தார். "இப்ப வேணாம்மா. குழாயை மாத்தி, சுத்தமா சரிபண்ணிட்டு நானே கூப்பிடறேன். அப்பவும் இவங்களையே கூட்டிட்டு வா."

தையல்காரி சரியென்று தலையசைத்துவிட்டுத் தெருமுனைக்கு வண்டி பிடிக்கப் போனாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டை மூடினார். அவர் விடைபெற வாயெடுக்கும்போது, வாத்தியார் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டோம்" என்றார் வாத்தியார். "பையனுக்கு இடது காது கேட்காது. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல போனது. அவன் முதல்லயே சொல்லணும்னான். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இவதான்…"

"ரெண்டு பேரும்தான்" என்றார் அந்த அம்மாள். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற மகள் விஷயத்தில் மூடி மறைத்திருக்கிறார்களே! நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. எதிரே கறுத்த உதட்டோடு ஒரு மனிதர், யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, தீர்ப்புக்குக் காத்துக்கொண்டு நின்றார். கோபம் வந்த வேகத்திலேயே கரைந்தது.

"வலது காது?" என்று கேட்டார்.

"அது பாம்புச் செவி."

"அப்ப சரி. இதை என் பொண்ணுகிட்ட உங்க பையனே சொல்லட்டும், அவ முடிவு பண்ணட்டும். சொல்லும்போது அவளை வலது பக்கமா உட்கார வச்சுக்கச் சொல்லுங்க, சம்பந்தி. அவ கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவா."